அடியில் ஒரு தெரு இருக்கிறது: பிரபஞ்சத் திகில் புதிர் கேம்களில் உங்களுக்கானதைத் தேடிப் பிடிக்கும் வழி

சின்ன வயதில் ஒரு கோடையில் அப்பா என்னைப் பண்ணவாடிக்குக் கூட்டிப் போனார். மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்த சமயம். 1934-ல் அணை கட்டி முடித்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அப்படிப்பட்ட நாட்களில்தான் தலை காட்டும்: ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி, ஒரு பழைய தேவாலயத்தின் கோபுரம். பரிசலில் போய்க்கொண்டிருந்தபோது அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "இப்ப நாம ஒரு தெருவுக்கு மேல போயிட்டிருக்கோம்." பயமுறுத்துவதற்காகச் சொன்ன பேச்சே இல்லை. ஆனாலும் என் கை பரிசலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது மட்டும் மாறியிருந்தது.

அந்த உணர்வைத் தேடித்தான் காஸ்மிக் ஹாரர் என்று சொல்லப்படும் பிரபஞ்சத் திகில் கேம்களுக்கு வந்தேன். அதிலும் புதிர் அவிழ்த்து முன்னேறும் கேம்கள் என்றால் எனக்கு உயிர். சேலத்தில் தெரிந்தவர்கள் யாராவது இதைப் பற்றிக் கேட்டால், முதல் கேள்வி எப்போதும் "எது பெஸ்ட்?" என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி, ஒருவனை இந்தப் பக்கமே வராமல் செய்திருக்கிறேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமா வீடு. டிசம்பர் இரவு, ஜன்னலுக்கு வெளியே பனி, கரன்ட் வேறு இல்லை. இதைவிடச் சரியான சூழல் கிடைக்காது என்று மாமா பையனிடம் 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்' போட்டுக் கொடுத்தேன். கால்மணி நேரத்தில் லேப்டாப்பை மூடிவிட்டான். பழைய கடிகாரங்களைப் பிரித்து, மறுபடி பூட்டி ஓடவைக்கும் பையன் அவன். அவனுக்குத் தேவைப்பட்டது பூட்டும் பெட்டியும். நான் கொடுத்தது இருட்டும் ஓட்டமும். கேமிலும் குறையில்லை, பையனிடமும் குறையில்லை. நான் பொருத்தம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி அந்தப் பொருத்தம் பார்ப்பது எப்படி என்பதற்காக.

முதல் படி: இது எந்த மாதிரி பயம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்ப் பேய்க்கு ஒரு குறை இருக்கும். அநியாயமாகச் செத்திருக்கும், ஏதோ ஒரு கணக்குப் பாக்கி இருக்கும். அந்தக் கணக்கைத் தீர்த்தால் போய்விடும். தீர்க்க முடியாவிட்டால் வேப்பிலை, தாயத்து, பூசாரி என்று வழி உண்டு. அதாவது பேய்க்கும் நமக்கும் இடையில் ஓர் உறவு இருக்கிறது.

பிரபஞ்சத் திகிலில் அந்த உறவே கிடையாது. அங்கே இருக்கும் ஏதோ ஒன்றுக்கு நம்மீது கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. நாம் நடக்கும்போது காலடியில் ஓர் எறும்புப் புற்று நசுங்குவதைப் போல, அது அசைந்தால் நம் உலகம் நசுங்கும். அமெரிக்க எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) எழுதிய கதைகளிலிருந்து இந்த வகை பரவியதால், கேம் கடைகளில் 'லவ்கிராஃப்டியன்' என்ற பெயரிலேயே ஒரு டேக், அதாவது வகையைச் சொல்லும் குறிச்சொல், இருக்கிறது. அந்த மனிதரின் எழுத்தில் இனவெறி அப்பட்டமாக உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். இன்றைய நல்ல கேம்கள் பல அவரிடமிருந்து பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டன.

இந்தப் பயத்துக்கும் புதிருக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கதைகளின் நாயகன் பெரும்பாலும் தேடுகிற ஆள்: துப்பறிவாளர், ஆராய்ச்சியாளர், காணாமல்போன கணவனைத் தேடும் மனைவி. தேடத் தேட ஆபத்து கூடும். புதிர்க் கேமில் அந்தத் தேடலை நம் கையாலேயே செய்கிறோம். ஒரு பூட்டைத் திறந்ததும் வரும் சந்தோஷத்தோடு, 'இதைத் திறந்திருக்கக் கூடாதோ?' என்ற கலக்கமும் சேர்ந்து வரும். சினிமாவில் யாரோ ஒருவர் கதவைத் திறப்பதைப் பார்த்தால் இது வராது. திறந்தது நாமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: எதற்காக விளையாடுகிறீர்கள் என்று கேளுங்கள்

இது பழைய கேள்வி. பிரிட்டிஷ் கேம் ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996-ல் எழுதிய கட்டுரையில் ஆன்லைன் விளையாட்டுக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், மற்றவரை வீழ்த்த வருபவர். பின்னால் நிக் யீயும் அவருடைய கூட்டாளியும் தொடங்கிய குவாண்டிக் ஃபவுண்ட்ரி என்ற ஆய்வு நிறுவனம் இதை 12 உந்துதல்களாக விரித்தது. கதை, கண்டுபிடிப்பு, சவால், வியூகம், எல்லாவற்றையும் முடிப்பது, பரபரப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அவர்களுடைய கேள்வித்தாளை இணையத்தில் இலவசமாகவே நிரப்பிப் பார்க்கலாம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும், சில நிமிட வேலை.

நிரப்பப் பொறுமை இல்லையென்றால் நான் கேட்கும் கேள்வி இது: கேமை விடுங்கள், கடந்த ஒரு மாதத்தில் நேரம் போவதே தெரியாமல் எதைச் செய்தீர்கள்? துப்பறியும் தொடரில் கொலைகாரன் யாரென்று முன்னாலேயே ஊகித்தீர்களா? ரிப்பேரான மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தீர்களா? ஏற்காடு போனால் லேடீஸ் சீட்டில் கூட்டத்தோடு நின்று போட்டோ எடுப்பீர்களா, இல்லை பெயர் தெரியாத எஸ்டேட் பாதையில் 'இது எங்கே போகுது பார்ப்போம்' என்று இறங்கிவிடுவீர்களா? பொருட்காட்சியில் ராட்டினத்தின் உச்சியில் கத்துவது பிடிக்குமா? இதற்கு வரும் பதில் எந்த விமர்சகரின் மதிப்பெண்ணையும்விட உங்களுக்கு உதவும். மதிப்பெண் போட்டவருக்கு ராட்டினம் பிடிக்கலாம், உங்களுக்குத் தலை சுற்றலாம்.

மூன்றாம் படி: பயமா, புதிரா? எது அதிகம் வேண்டும்?

இதைப் புதியவர்களிடம் யாரும் சொல்வதில்லை, ஆனால் ஏமாற்றங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பயமும் புதிரும் ஒன்றையொன்று தின்னும்.

ஒரு புதிரில் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டால் சுற்றியிருக்கும் பயம் ஆறிவிடும். முதலில் நடுங்கவைத்த அதே மண்டபம், நாலாவது தடவை சாவி தேடிச் சுற்றும்போது பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடும். அப்புறம் எதிர்ப்பக்கம்: பின்னால் ஏதோ துரத்திக்கொண்டு வரும்போது யாருக்கும் யோசனை ஓடாது. அதனால் பயம் அதிகமுள்ள கேம்களில் புதிர் எளிதாகவே இருக்கும். வால்வைத் திருகு, கம்பியை எடுத்து வா என்கிற அளவு. புதிர் கனமான கேம்களில் நம்மைக் கொல்ல எதுவும் வராது, சூழல் மட்டும் மெல்ல மெல்ல இறுகும்.

இரண்டும் உச்சத்தில் இருக்கும் கேமைத் தேடி அலையாதீர்கள். எது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். என் விஷயத்தில் பயம் குறையலாம், புதிர் குறையக் கூடாது. என் தங்கைக்கு நேர்மாறு.

நான்காம் படி: உந்துதலுக்கு ஏற்ற கேம்

*கையால் திருகிப் பார்க்கிற ஆளுக்கு.* மாமா பையன் வகை. இங்கிலாந்தின் ஃபயர்புரூஃப் கேம்ஸ் 2012-ல் வெளியிட்ட 'தி ரூம்' உங்களுக்கானது. ஓர் அறை, நடுவில் ஒரு வினோதப் பெட்டி. திருகாணி, ரகசிய இழுப்பறை, சுழலும் வளையம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் திறந்துகொண்டே போக வேண்டும். ஒரு கண்ணாடி வில்லை வழியாகப் பார்த்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாத குறிகள் தெரியும். பெட்டிக்குள் பெட்டி திறக்கத் திறக்க, இதைச் செய்தவருக்கு என்ன ஆனது என்பது கடிதங்கள் வழியாக வரும். திகில் அங்கேதான் இருக்கிறது, திடுக்கென்று எதுவும் பாயாது. போனிலேயே ஓடும், ஆங்கிலமும் அதிகம் இல்லை, மாட்டிக்கொண்டால் படிப்படியாகக் குறிப்பும் கொடுக்கும். இந்த வகைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசலை நான் பார்த்ததில்லை. பிடித்துவிட்டால் வரிசையாக அடுத்தடுத்த பாகங்கள் இருக்கின்றன.

*துப்பு சேர்த்து முடிவுக்கு வருகிற ஆளுக்கு.* இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் மனதுக்கு மிக நெருக்கமான கேம் இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. லூக்கஸ் போப் 2018-ல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. கிழக்கிந்தியக் கம்பெனி காலம், 1807. காணாமல்போன ஒரு கப்பல் ஆளில்லாமல் கரைக்கு வந்து நிற்கிறது. நாம் கம்பெனியின் காப்பீட்டு அதிகாரி. கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆனது, யார், எப்படி என்று ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். கையில் ஒரு மாயக் கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால் அந்த ஆள் செத்த கணம் உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம்.

மூன்று பேர் விவரம் சரியாக இருந்தால்தான் கேம் 'சரி' என்று உறுதி செய்யும். அதனால் ஒவ்வொருவராகக் குருட்டாம்போக்கில் மாற்றிப் பார்க்க வழியில்லை. யார் எந்தத் தூளியில் படுத்தார், எந்த மொழியில் பேசினார், காலில் என்ன போட்டிருந்தார் என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுத முடியும். கடலிலிருந்து வந்தது என்ன என்பதை நான் சொல்லப் போவதில்லை. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் வரைந்த படம், முதல் பத்து நிமிடம் கண்ணுக்கு விசித்திரமாக இருக்கும், பழகிவிடும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்து ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்த காக்பர்னும் இதே கம்பெனியின் ஆள்தான். அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கையில் பிடிக்கும்போது எனக்கு அந்த நினைப்பும் கூடவே வந்தது.

நகரத்தில் அலைந்து விசாரிக்க ஆசையென்றால் ஃபிராக்வேர்ஸ் 2019-ல் வெளியிட்ட 'தி சிங்க்கிங் சிட்டி' இருக்கிறது. பாதி மூழ்கிய ஊர். எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாது. பத்திரிகை அலுவலகம், காவல் நிலையம், மருத்துவமனை ஆவணங்களில் நாமே தேடி முகவரி கண்டுபிடிக்க வேண்டும். சண்டைப் பகுதி சுமார்தான். சண்டைக்கும் விசாரணைக்கும் தனித்தனியாகக் கடினம் வைக்கலாம் என்பதால், சண்டையை எளிதாக்கிவிட்டுத் துப்பறிவதை மட்டும் கடினமாக வைத்துக்கொள்ளுங்கள். படிக்க வேண்டிய ஆங்கிலம் நிறைய.

*கதைக்காக வருகிற ஆளுக்கு.* 'கால் ஆஃப் தி சீ' (2020). 1934-ல் ஒரு பெண், தென் பசிபிக் தீவொன்றில் காணாமல்போன கணவனைத் தேடிப் போகிறாள். ஊதாவும் நீலமுமாக அவ்வளவு அழகான தீவு. சாவு இல்லை, துரத்தல் இல்லை. பார்த்த துப்புகளை அவளுடைய நோட்டுப் புத்தகமே குறித்துக்கொள்ளும். இதில் பயத்தைவிடச் சோகமும் வியப்பும் அதிகம், அது தெரிந்தே வாங்குங்கள்.

*சுற்றிப் பார்க்கிற, தெரிந்துகொள்கிற ஆளுக்கு.* 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019). எஸ்டேட் பாதையில் இறங்குகிற ஆட்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பெயர். இதைத் திகில் கேம் என்று கடையில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு சின்ன விண்கலத்தில், நமக்கு முன்னால் வாழ்ந்து மறைந்தவர்கள் விட்டுப்போன எழுத்துகளைப் படித்துக்கொண்டு போகும்போது வரும் பிரமிப்பு, பரிசலில் நான் உணர்ந்ததற்கு மிக அருகில் வருகிறது. ஆயுதம் கிடைக்காது, சக்தியும் ஏறாது. முன்னேற்றம் என்பது நமக்குத் தெரிய வந்த விஷயம் மட்டுமே. அதனாலேயே இதைப் பற்றி யூடியூபில் எதையும் பார்க்காதீர்கள். ஒரு தடவைதான் இதை முதல்முறையாக விளையாட முடியும்.

*பயத்துக்காகவே வருகிற ஆளுக்கு.* ஸ்வீடனின் ஃபிரிக்ஷனல் கேம்ஸ் செய்த 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்' (2010). எதிர்த்துச் சண்டை போடவே முடியாது. இருட்டில் நின்றால் மனநிலை கலையும், வெளிச்சத்தில் நின்றால் கண்ணில் படுவோம், விளக்குக்கான எண்ணெயோ தீர்ந்துகொண்டே வரும். அதே ஆட்களின் 'சோமா' (2015) கடலுக்கு அடியில் நடக்கிறது. புதிர் எளிது, ஆனால் அது கேட்கும் கேள்விகள் தூக்கத்தைக் கெடுக்கும். துரத்தல் ஒத்துவராது, கதை மட்டும் வேண்டும் என்பவர்களுக்காக, பிராணிகள் நம்மைக் கொல்லாத 'சேஃப் மோட்' ஒன்றைப் பின்னால் சேர்த்தார்கள். அதைப் போட்டு விளையாடுவதில் எந்தத் தாழ்வும் இல்லை. பயத்துக்கும் புதிருக்கும் நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் 'கோனேரியம்' (2017): அண்டார்டிகா ஆய்வு நிலையம், நிலத்தடிப் பாதைகள், நடுத்தரப் புதிர்கள், இடையில் ஓரிரு ஓட்டம்.

*வேலை முடிந்து களைத்து வருகிற ஆளுக்கு.* 'ட்ரெட்ஜ்' (2023). பகலில் மீன் பிடி, படகில் மீன்களைக் கட்டம் பார்த்து அடுக்கு, விற்று வா. இரவில் கடலுக்குப் போனால் மூடுபனியில் வேறு கதை. இல்லையென்றால் 'ஸ்ட்ரேஞ்ச் ஹார்ட்டிகல்ச்சர்' (2022): ஒரு செடிக் கடை, மேஜையில் தடவிக் கொடுக்க ஒரு பூனை, வாடிக்கையாளர் கேட்கும் மூலிகை எது என்று இலையையும் பூவையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நேரம் போக்குகிற ஆள் நான். இந்தக் கேமை ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன்.

ஐந்தாம் படி: கடையில் தேடுவது

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 'லவ்கிராஃப்டியன்', 'பஸிள்' என்ற இரண்டு டேக்குகளையும் சேர்த்துத் தேடுங்கள். அதோடு நிற்காமல், வேண்டாத டேக்குகளை விலக்கவும் செய்யுங்கள். சண்டை பிடிக்காதவர் 'ஆக்ஷன்' டேக்கை விலக்கினாலே பட்டியல் பாதியாகிவிடும். டேக் போடுவதில் விளையாடுகிறவர்களுக்கும் பங்கு உண்டு, ஆகவே அதை முழுதாக நம்பக் கூடாது. டெமோ இருந்தால் முதலில் அதுதான்.

விமர்சனங்களில் நல்லதைவிடக் கெட்டதைப் படிப்பேன். 'ரொம்ப மெதுவா போகுது, சண்டையே இல்ல' என்று ஒருவர் திட்டியிருந்தால் எனக்கு அது நல்ல செய்தி. 'புதிர் அபத்தம், தீர்வைப் பார்த்தும் புரியவில்லை' என்று பலர் ஒரே இடத்தைச் சொன்னால் ஒதுங்கிவிடுவேன்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆக, முதல் ஒன்றரை மணி நேரத்தை ஒரே அமர்வில் கவனமாக விளையாடுங்கள். பணமே போடாமல் சூழலை மட்டும் சுவைத்துப் பார்க்க 'டேகன்' (2021) என்ற இலவசக் கேம் இருக்கிறது. சுமார் அரைமணி நேரம், புதிரே கிடையாது, ஒரு லவ்கிராஃப்ட் கதைக்குள் உட்கார்ந்து சுற்றிப் பார்ப்பதுதான். போனில் 'ரஸ்டி லேக்' ஆட்களின் 'கியூப் எஸ்கேப்' கேம்களிலும் பல இலவசம். அவை பிரபஞ்சத் திகிலைவிடக் கெட்ட கனவுக்குப் பக்கம்.

ஆறாம் படி: விளையாடும் இரவு

ஹெட்போன் கட்டாயம். இந்தக் கேம்களில் பாதி வேலையைச் சத்தம்தான் செய்கிறது. ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் மத்தியானம் விளையாட உட்கார்ந்தால் லேப்டாப் கொதிக்கும், ஃபேன் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படுக்கப் போவதற்கு அரைமணி முன்பே நிறுத்திவிட்டு வேறு ஏதாவது செய்யுங்கள். தூக்கம் சரியில்லாத நாட்களில், மனது ஏற்கெனவே கனத்திருக்கும் நாட்களில் 'சோமா' பக்கம் போகவே வேண்டாம்.

பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் இருக்கட்டும். குறி ஏதாவது பார்த்தால் போட்டோ எடுக்காமல் கையால் வரையுங்கள். வரையும்போதுதான் 'இந்த வளைவை எங்கேயோ பார்த்தோமே' என்று தட்டும்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? முதலில் இருபது நிமிடம் நேர்மையாக முயற்சி. அப்புறம் எழுந்து போய்விட வேண்டும், முடிந்தால் மறுநாள்வரை. மறுநாளும் கிடைக்கவில்லை என்றால் இணையத்தில் முழுத் தீர்வைத் திறக்காமல், முடித்த ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் பார்க்கத் தவறிய இடம் ஒன்று இருக்கிறதா, இல்லை பார்த்ததை யோசிக்கவில்லையா?" இதற்குக் கிடைக்கும் பதிலே பெரும்பாலும் போதும். பயத்தை முன்வைக்கும் கேம்களில் மட்டும் இவ்வளவு பிடிவாதம் வேண்டாம், பத்து நிமிடத்திலேயே குறிப்பைப் பார்த்துவிடுங்கள். அங்கே சூடு ஆறவிடக் கூடாது.

தங்கை போன மாதம் 'ஓப்ரா டின்' தொடங்கினாள். புதிர் அதிகம், உனக்கு ஒத்துவருமா என்று கேட்டேன், பார்க்கிறேன் என்றாள். 60 பேரில் இன்னும் ஒன்பது பேர் பாக்கி. நேற்று ராத்திரி சாப்பிடும்போது நோட்டைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, "அண்ணா, நான் பார்க்கத் தவறிய இடமா, யோசிக்காத இடமா?" என்று கேட்டாள். "யோசிக்காத இடம்" என்றேன். நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.